ஃபாஸ்ட் டிராவல் தொடாமல் நடந்தே ஆடுகிறேன், உங்களிடமும் இப்படி வினோதப் பழக்கம் உண்டா?

நடராஜா சர்வீஸ்:

பெயரைப் பார்த்தாலே விஷயம் புரிந்திருக்கும். ஸ்கைரிம் 2011 நவம்பரில் வந்த கேம், அதை இன்னும் ஆடிக்கொண்டிருப்பதே வினோதம்தான், ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. நான் அதில் ஃபாஸ்ட் டிராவல், அதாவது மேப்பில் ஓர் இடத்தைக் கிளிக் பண்ணி நொடியில் அங்கே போய் இறங்கும் வசதி, அதைத் தொடுவதே இல்லை. ஓடுவதும் இல்லை. ஊருக்கு ஊர் நடைதான். கம்ப்யூட்டரில் ஆடுபவர்கள் கேப்ஸ் லாக்கைத் தட்டினால் ஓட்டம் நடையாக மாறிவிடும், அதைத் தட்டிவிட்டு அப்படியே போய்க்கொண்டிருப்பேன். ஓநாயோ கொள்ளைக்காரனோ வந்தால் மட்டும் மறுபடி தட்டுவது.

இதற்கு நானே வைத்துக்கொண்ட சட்டங்களும் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் சாலையில் இருக்கக் கூடாது. வொயிட்ரன் என்ற ஊரில் இருந்தால் பேனர்ட் மேர் சத்திரத்தில் பத்து கோல்டு கொடுத்து அறை எடுத்துவிடுவேன். பெரிய ஊர்களின் வாசலில் நிற்கும் குதிரை வண்டிக்கு அனுமதி உண்டு, காசு கொடுத்துத்தானே ஏறுகிறோம். ஏறினால் ஸ்கிரீன் கறுத்து அடுத்த ஊரில் போய்த்தான் விடியும், அது ஃபாஸ்ட் டிராவலின் மாறுவேஷம்தானே என்று கேட்பீர்கள், தெரியும், சட்டம் போட்டவன் நான், விலக்கும் நானே கொடுத்துக்கொள்வேன். வொயிட்ரனிலிருந்து கிழக்கே ஆற்றோரமாகப் போனால் வால்தைம் கோபுரங்கள் வரும், அங்கே ஒருத்தி வழிமறித்து 200 கோல்டு சுங்கம் கேட்பாள். எல்லோரும் அவளை வெட்டிவிட்டுப் போவார்கள். நான் கொடுத்துவிட்டுப் போகிறேன். அவ்வளவு தூரம் நடந்து வந்தவனுக்கு அங்கே சண்டை போடத் தெம்பு இருக்காது என்பது என் கணக்கு.

இதில் ஒரே தலைவலி வழி கண்டுபிடிப்பதுதான். குவெஸ்ட், அதாவது கேம் நமக்குக் கொடுக்கும் வேலை, அது எங்கே என்று தலைக்கு மேல் மிதந்து காட்டும் மார்க்கரை செட்டிங்கில் அணைத்துவிட்டேன். அணைத்த பிறகுதான் தெரிகிறது, இந்த ஊர்க்காரர்கள் ஒருவருக்கும் வழி சொல்லத் தெரியாது. இதே வரிசையில் முன்பு வந்த மாரோவிண்டில், அது 2002, ஊரைத் தாண்டு, பாலத்தைக் கட, பாதை பிரியும் இடத்தில் இன்ன பக்கம் திரும்பு என்று ஆள் வாயால் சொல்வான், குறிப்பேட்டிலும் அது பதிவாகும். (சில நேரம் தப்பாகவும் சொல்வான், அது வேறு கதை.) ஸ்கைரிமில் "இன்ன குகைக்குப் போ" என்பதோடு சரி, மீதியை அம்புக்குறி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். முச்சந்திக் கைகாட்டிகளில் ஊர்ப் பெயர்கள் இருக்கின்றன, குகைப் பெயரை யார் எழுதுவார்கள்? அதனால் கிளேர்வாயன்ஸ் மந்திரத்தைப் பிடித்துக்கொண்டேன், தரையில் புகை மாதிரி ஒரு கோடு போட்டுக் காட்டும். வழிப்போக்கனிடம் கேட்டதாக நினைத்துக்கொண்டு, பாதை பிரியும் இடத்தில் மட்டும் ஒருமுறை போட்டுப் பார்ப்பேன்.

என் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தான். "இதற்கு நீ நிஜமாகவே ஒரு வாக்கிங் போகலாமே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

சரி, எனக்கு இரண்டு கேள்வி. ஒன்று, ஓப்பன் வேர்ல்ட் ஆர்பிஜிகளில் (இஷ்டம்போல் சுற்றித் திரிந்து ஒரு பாத்திரமாக ஆடும் கேம்களில்) இப்படிக் கேமே கேட்காத பழக்கம் எதையாவது நீங்கள் வைத்துக்கொண்டிருக்கிறீர்களா? இரண்டு, கேமுக்குள் பொழுது மிக வேகமாகப் போகிறது, காலையில் கிளம்பினால் பாதி வழியிலேயே இருட்டிவிடுகிறது, அதைக் குறைக்க முடியுமா?

தூங்காநகரத்தான்:

நீங்கள் நடக்கிறீர்கள், நான் தூங்குவதில்லை.

ஸ்கைரிமுக்கு முந்தைய கேமான ஆப்லிவியனைச் சொல்கிறேன், 2006-இல் வந்த பழைய ஆப்லிவியன். அதில் முக்கியத் திறன்கள் எல்லாம் சேர்ந்து பத்து புள்ளி ஏறினால் லெவல் ஏறத் தகுதி வரும், ஆனால் கட்டிலில் படுத்துத் தூங்கி எழுந்தால்தான் உண்மையில் ஏறும். தூங்காவிட்டால் திறன் மட்டும் ஏறிக்கொண்டே போகும், லெவல் ஒன்றிலேயே நிற்கும். இதில் என்ன லாபம் என்றால், அந்தக் கேமில் நாம் ஏறினால் ஊரே ஏறும். உங்கள் லெவல் கூடக் கூட, வழியில் நூறு கோல்டுக்காக மிரட்டும் பிச்சைக்காரத் திருடன்கூட கிளாஸ் ஆர்மர் போட்டுக்கொண்டு நிற்பான். அதை விற்றால் அவன் ஒரு வீடே வாங்கலாம், அவன் நம்மிடம் நூறு கேட்கிறான்! இதைச் சமாளிக்க அந்தக் காலத்தில் நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதி ஆடினவர்கள் இருக்கிறார்கள். ஒரு பண்புக்குக் கீழே வரும் திறன்களில் பத்து புள்ளி ஏற்றினால்தான் லெவல் ஏறும்போது அந்தப் பண்புக்கு முழு ஐந்து கிடைக்கும், அதனால் இன்றைக்கு இத்தனை தடவை அடி வாங்க வேண்டும், இத்தனை தடவை மந்திரம் போட வேண்டும் என்று கணக்குப்பிள்ளை மாதிரி ஆடுவார்கள். நான் அந்தப் பக்கமே போகவில்லை. தூக்கத்தை விட்டுவிட்டேன், கதை முடிந்தது.

தூங்காமல் இருப்பதால் அதில் தண்டனை எதுவும் கிடையாது. காயம் ஆற "வெயிட்" போட்டால் போதும், அது தூக்கக் கணக்கில் வராது. குவாட்ச் ஊர் வாசலில் முதல் ஆப்லிவியன் கேட், நரகத்து வாசல், திறந்திருக்குமே, லேட்டாகப் போகிறவர்களைப் பெரிய பெரிய ஜந்துக்கள் வரவேற்கும், லெவல் ஒன்றில் போனால் வத்தல் மாதிரி ஸ்கேம்ப்கள்தான். கத்தி பிடிக்கும் திறன் மட்டும் எக்கச்சக்கமாக ஏறியிருக்கும், எதிரில் வருவது எல்லாம் கத்துக்குட்டி.

நஷ்டமும் உண்டு. டேட்ரா ஆலயங்களின் குவெஸ்ட்களில் பலவற்றுக்கு இன்ன லெவல் வேண்டும் என்று கட்டுப்பாடு இருக்கிறது, அவை எல்லாம் போயிற்று. பெட்டிகளைத் திறந்தால் துருப்பிடித்த சாமான்கள்தான். இதைவிடப் பெரிய சிக்கல் டார்க் பிரதர்ஹுட் என்ற கொலைகாரக் கூட்டம். அப்பாவி ஒருவனைக் கொன்றுவிட்டுத் தூங்கினால்தான் லூசியன் லாஷான்ஸ் தலைமாட்டில் வந்து நின்று கூட்டத்தில் சேரக் கூப்பிடுவான். தூங்காதவனை அவன் எப்படி எழுப்புவான்? அதனால் லெவலுக்கான புள்ளி சேருவதற்கு முன்பே, ஆட்டம் தொடங்கிய கையோடு ஒரு பாவத்தைச் செய்துவிட்டு ஒரே ஒரு தூக்கம் போட்டுவிடுவேன். அந்த ஆட்டம் முழுக்க அந்த ஒரு தூக்கம்தான்.

2025-இல் வந்த ரீமாஸ்டரில் லெவல் ஏறும் முறையை மாற்றிவிட்டார்கள், பண்புப் புள்ளியை நாமே பிரித்துப் போட்டுக்கொள்ளலாம், நோட்டுக் கணக்குக்கு வேலை இல்லை. எனக்கு என்னவோ பழையதே போதும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வழி இருக்கிறது, வேலை முடிந்து வந்து எழுதுகிறேன்.

பச்சைவிளக்கு:

ஆர்பிஜி இல்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கார் திருடி ஓட்டும் கேமான வைஸ் சிட்டியில் சிவப்பு விளக்கு விழுந்தால் வண்டியை நிறுத்துவேன். பின்னால் ஐந்து ஸ்டார் போலீஸ் துரத்தினாலும்.

ஒருமணிநேரம்:

நடராஜா, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இதை எல்லாம் படித்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது, எரிச்சலும் வருகிறது. ராத்திரி குழந்தை தூங்கிய பிறகு எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அதில் ஸ்கைரிம் சாலையில் நடந்து, சுங்கம் கட்டி, சத்திரத்தில் அறை போட்டுப் படுத்தால் நான் கேம் ஆடினேனா இல்லையா? எனக்கு ஃபாஸ்ட் டிராவல் இல்லாத கேமே வேண்டாம். டிராகன்ஸ் டாக்மா 2 வந்தபோது ஃபெர்ரிஸ்டோன் என்ற கல் இல்லாமல் நொடியில் இடம் மாற முடியாது, இல்லையென்றால் மாட்டு வண்டி பிடிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதுமே கும்பிடு போட்டுவிட்டேன்.

அப்படிப் பேசுகிறவன் அந்த ஒரு மணி நேரத்தில் என்ன பண்ணுகிறான் என்று கேட்டால், விட்சர் 3-இல் சீட்டு ஆடுகிறான். க்வென்ட். வொயிட் ஆர்ச்சர்ட் சத்திரத்தில் ஒரு படித்த மனிதர் உட்கார்ந்து முதல் ஆட்டம் சொல்லிக்கொடுப்பார், அந்த நிமிஷத்தோடு என் கதை முடிந்தது. கதாநாயகன் கெரால்ட் சிரி என்ற பெண்ணைத் தேட வேண்டும், வைல்ட் ஹன்ட் என்ற பேய்ப்படை துரத்துகிறது, உலகம் அழியப் போகிறது. நான் ஊர் ஊராகப் போய் கடைக்காரன், கொல்லன், சத்திரக்காரன் என்று ஒருவனையும் விடாமல் ஒரு ஆட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். பிளடி பேரன் என்ற பிரபுவின் கோட்டைக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? அவனுடைய மனைவியும் மகளும் காணாமல் போயிருக்கிறார்கள், கெரால்டும் மகள் மாதிரி வளர்த்தவளைத் தேடித்தான் அங்கே வந்திருக்கிறான். பிள்ளையைத் தொலைத்த இரண்டு தகப்பன்களும் மேஜை போட்டு சீட்டு ஆடுகிறார்கள். ஆடவைத்தது நான்தான். ஜெயித்தால் டைக்ஸ்ட்ரா கார்டு கிடைக்கும், விட முடியுமா?

கேம் தயாரித்தவர்களுக்கே இந்தப் பைத்தியம் தெரிந்துதான் 2018-இல் க்வென்ட்டைத் தனி கேமாகவே விட்டார்கள். விசித்திரம் என்னவென்றால் அதை இறக்கி ஆடிப் பார்த்தேன், பிடிக்கவில்லை. உலகம் அழிந்துகொண்டிருக்கும்போது திருட்டுத்தனமாக ஆடினால்தான் எனக்கு அது ருசிக்கிறது போல.

அந்தக் கேமில் ஆடுபவர்களின் பழக்கத்துக்குப் பதில் சொன்ன இன்னொரு கதையும் உண்டு. ஆரம்பத்தில் வொயிட் ஆர்ச்சர்டில் மாடுகளை வெட்டித் தோலை விற்று, தியானம் போட்டால் மாடுகள் திரும்ப வந்துவிடும், மறுபடி வெட்டுவது, இப்படியே பணக்காரர் ஆனவர்கள் இருந்தார்கள். பிறகு விட்ட ஒரு பேட்ச்சில், அதாவது கேமுக்கான திருத்தத்தில், என்ன செய்தார்கள் தெரியுமா, மாட்டை அளவுக்கு மேல் வெட்டினால் கொம்பு வைத்த பெரிய சார்ட் என்ற ராட்சத ஜந்து ஒன்று எங்கிருந்தோ வந்து உங்களை வெட்டும். மாட்டுப் பாதுகாப்புப் படை என்ற அர்த்தத்தில் அதற்குக் கிண்டலாகப் பெயரும் வைத்தார்கள்.

மருந்துக்கடை மலர்:

நான் ஸ்கைரிமில் டிராகன்களை அடக்கப் பிறந்த கதாநாயகனான டிராகன்பார்ன் இல்லை. நாட்டு மருந்து விற்கிறவள்.

ஹெல்கனிலிருந்து தப்பி ரிவர்வுட் வந்ததும், வொயிட்ரனுக்குப் போய் ஜார்லிடம், ஊரை ஆளும் தலைவரிடம், டிராகன் செய்தி சொல் என்பார்கள் இல்லையா, அதைச் சொல்லவே மாட்டேன். வொயிட்ரன் வாசலில் காவலன் மறிப்பான், ரிவர்வுட் ஜார்லின் உதவியைக் கேட்கிறது என்று சொன்னால் விட்டுவிடுவான். அதைச் சொல்லி உள்ளே போனவள், நேராக ஆர்க்கேடியாவின் மருந்துக்கடைக்குப் போய் வியாபாரம் பேசினேன், ஜார்லின் மாளிகைப் படியை இன்னும் மிதிக்கவில்லை. குவெஸ்ட் பட்டியலில் அது பாவமாகக் கிடக்கிறது. இதில் ஒரு வசதி, டிராகன் ரைசிங் குவெஸ்ட் வரை போகாவிட்டால் ஊருக்குள்ளும் சாலையிலும் டிராகன்கள் வந்து இறங்குவது தொடங்காது. நான் வாயைத் திறக்காததால் நாடு நிம்மதியாக இருக்கிறது.

பிழைப்பு இப்படித்தான். ஆரம்பத்தில் முதல் இல்லை, ரிவர்வுட் மரப்பட்டறையில் விறகு வெட்டி விற்பேன், கட்டை ஒன்றுக்கு ஐந்து கோல்டு. அப்புறம் பூ பறிப்பது. புளூ மவுன்டன் ஃபிளவரையும் கோதுமையையும் சேர்த்து அரைத்தால் ரத்தம் ஏற்றும் மருந்து வரும், அதற்கு நல்ல விலை. ஒவ்வொரு மூலிகைக்கும் நான்கு குணம் உண்டு, வாயில் போட்டுப் பார்த்தால் முதல் குணம் தெரியும், மீதியைக் கலந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நெட்டில் பட்டியல் இருக்கிறது, பார்க்க மாட்டேன், அது என் விரதம். நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஜயன்ட்ஸ் டோ போட்டால் மருந்துக்கு எக்கச்சக்க விலை கிடைக்கும் என்பது தெரியும், ஆனால் ராட்சதனைக் கொன்று கால் விரலை வெட்ட வேண்டும், வைத்தியச்சி அப்படிச் செய்வாளா? கடைக்காரர்களிடம் இருக்கும் காசும் கொஞ்சம்தான், தீர்ந்துவிட்டால் இரண்டு நாள் கழித்துத்தான் நிரம்பும், அதனால் ஊர் மாற்றி ஊர் போய் விற்கிறேன். நடராஜா, அப்போது நானும் நடைதான்.

இதில் ஒரு சங்கடம், ஜார்லைப் பார்க்காதவளுக்கு வொயிட்ரனில் வீடு விற்க மாட்டார்கள். அதனால் ரிவர்வுட் சத்திரத்தில் தங்குகிறேன். முழுக் கதையும் ஆடியவர்களுக்குத் தெரியும், அந்தச் சத்திரத்தை நடத்தும் டெல்ஃபின் யார், யாருக்காகக் காத்திருக்கிறாள் என்று. அவள் தேடும் டிராகன்பார்ன் அவள் கண்முன்னாலேயே அறை வாடகை கொடுத்துவிட்டுப் பூ மூட்டையோடு தூங்கப் போகிறாள்.

என்னைவிடப் பெரிய ஆள் ஒருவர் உண்டு. ஆன்லைன் கேமான வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2012-இல் பாண்டா இனம் வந்தது. பாண்டாக்கள் முதல் தீவை விட்டுக் கிளம்பும்போதுதான் அலையன்ஸா ஹோர்டா என்று பக்கம் சேர வேண்டும். ஒரு ஆட்டக்காரர் எந்தப் பக்கமும் சேரமாட்டேன் என்று அந்தத் தீவிலேயே உட்கார்ந்து, மூலிகை பறித்தும் தாது வெட்டியும் மட்டுமே உச்ச லெவல் வரை ஏறினார். அவரை நினைத்தால் நான் ஒன்றுமே இல்லை.

மூட்டைமுடிச்சு:

மலர் அக்கா காய்ச்சும் மருந்தை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் சாகும் கூட்டம் நாங்கள்.

என் பழக்கம் வினோதமே இல்லை, எல்லோருக்கும் இருக்கும், ஆனால் எனக்குக் கொஞ்சம் முற்றிப்போயிருக்கிறது. போஷன் எடுப்பேன், குடிக்க மாட்டேன். பெரிய டிராகன் வரும், இதைவிடப் பெரியது வந்தால் என்ன செய்வது என்று வைத்துக்கொள்வேன். கடைசி பாஸும், கேமின் பெரிய எதிரி, செத்துவிடுவான், பெட்டி நிறைய மருந்து அப்படியே இருக்கும். ஸ்கைரிமில் ஒரு போஷன் அரை எடை, தூக்கும் கொள்ளளவு ஆரம்பத்தில் 300, அதற்கு மேல் போனால் ஊர்ந்துதான் போக வேண்டும். ஸ்டீட் ஸ்டோனைத் தொட்டால் 100 கூடும், எல்லோரும் வேறு கல்லைத் தேடுவார்கள், எனக்கு அந்தக் கல்தான் குலதெய்வம். மீதியைக் கூடவே வரும் துணையாள் லிடியா தலையில் கட்டுவேன். உங்கள் சுமையைச் சுமப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறேன் என்று அவள் சொல்லும் தொனியிலேயே என் மேல் உள்ள மரியாதை தெரிந்துவிடும்.

ஃபால்அவுட் 4-தான் என்னைக் கெடுத்தது. அதில் குப்பைக்கே மதிப்பு. மேஜை ஃபேனில் ஸ்க்ரூ கிடைக்கும், டக்ட் டேப்பில் பசை கிடைக்கும், ஸ்க்ரூவும் பசையும் இல்லாமல் துப்பாக்கியில் பல மாற்றங்களைச் செய்ய முடியாது. கடத்தப்பட்ட மகனைத் தேடிக் கிளம்பிய தகப்பன், பாழடைந்த ஆபீஸ் ஒன்றில் புகுந்து சுடவருகிறவர்களை விட்டுவிட்டு ஃபேன் ஃபேனாகப் பொறுக்கிக்கொண்டிருப்பான். அதை முடித்துவிட்டு ஸ்கைரிமுக்குத் திரும்பினால் அங்கே பயனே இல்லாத வாளியையும் எடுக்கக் கை போகிறது.

பொஹிமியா 1403:

இதைப் படிக்கும்போது தோன்றுகிறது, நீங்கள் எல்லோரும் கிங்டம் கம் டெலிவரன்ஸ் ஆடியிருக்க வேண்டியவர்கள். முதல் பாகம் 2018-இல் வந்தது, இரண்டாவது 2025-இல். கதை நடப்பது 1403 பொஹிமியாவில், இன்றைய செக் நாடு. நீங்கள் உங்களுக்கு நீங்களே போட்டுக்கொண்ட சட்டங்களில் பாதியை அந்தக் கேமே போட்டுவிடும். பசிக்கும், தூக்கம் வரும். ரத்தமும் சேறும் படிந்த சட்டையோடு போனால் பெரிய மனிதர்கள் மதிக்க மாட்டார்கள், குளியல் வீட்டுக்குப் போய்த் துவைத்துவிட்டு வர வேண்டும். நினைத்த இடத்தில் சேவ் பண்ண வேண்டுமென்றால் சேவியர் ஷ்னாப்ஸ் என்ற சாராயம் குடிக்க வேண்டும், அடிக்கடி குடித்தால் போதை ஏறும். கதாநாயகன் ஹென்றிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, முதல் பாகத்தில் உஷிட்ஸ் ஊர் எழுத்தரிடம் போய்க் கற்றுக்கொள்ளும் வரை புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறிக் குழம்பித் தெரியும். ஹார்ட்கோர் மோடில் ஃபாஸ்ட் டிராவலே கிடையாது, மேப்பில் நீங்கள் நிற்கும் இடமும் தெரியாது. ஆற்றையும் சூரியனையும் பார்த்து வழி பிடிக்க வேண்டியதுதான். நடராஜாவுக்கு வேறு என்ன வேண்டும்?

என் சொந்தப் பழக்கம் ஒன்றுதான். யார் வீட்டுக்குள் போனாலும், சர்ச்சுக்குள் போனாலும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத்தான் போவேன். கேம் அதைக் கண்டுகொள்வதில்லை.

நடராஜா சர்வீஸ்:

எதிர்பார்த்ததைவிட நல்ல கூட்டம் சேர்ந்துவிட்டது. மலர் அக்கா, டெல்ஃபின் விஷயம் படித்துவிட்டு ஆபீஸில் சிரித்து மாட்டிக்கொண்டேன்.

பொஹிமியா, நீங்கள் சொன்னது யோசிக்க வைத்தது. ஸ்கைரிமிலேயே சர்வைவல் மோடு இருக்கிறது, அதைப் போட்டால் ஃபாஸ்ட் டிராவல் போய்விடும், பசி, குளிர், களைப்பு எல்லாம் வரும். தூங்கினால்தான் லெவல் ஏறும் என்பதும் அதில் உண்டு, தூங்காநகரத்தான் கவனிக்க. போட்டுப் பார்த்தேன், கொஞ்ச நாளில் எடுத்துவிட்டேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை. சோறு கிடைக்காமல் பட்டினி கிடப்பதும் ஏகாதசிக்குப் பட்டினி கிடப்பதும் ஒன்றா? கேம் தடுத்தால் எதை இழுத்தால் எது திறக்கும் என்று குறுக்குவழி தேடத் தொடங்குகிறேன், அதை ஜெயிக்கப் பார்க்கிறேன். மேப்பைத் திறந்தால் ஒரு கிளிக்கில் போய்விடலாம் என்று இருக்கும்போது அதைச் செய்யாமல் நடந்தால்தான் ரோடு கண்ணில் படுகிறது. உங்கள் ஹெல்மெட் விஷயமும் அப்படித்தானே? நாளைக்கு ஒரு பேட்ச்சில் ஹெல்மெட் கழற்றினால் ஐந்து புள்ளி மரியாதை என்று வைத்துவிட்டால் அதில் உங்களுக்கு என்ன இருக்கிறது?

பொஹிமியா 1403:

அதுவும் சரிதான், புள்ளி கொடுத்தால் புள்ளிக்காகக் கழற்றுவேன். ஆனால் ஒன்று, கேம் இடம் கொடுக்காவிட்டால் உங்கள் விரதமும் நடக்காது. கைகாட்டியும் சத்திரமும் கட்டி வைத்திருப்பதால்தான் நடக்கிறீர்கள். வெறும் வயலும் மார்க்கரும் மட்டும் உள்ள கேம்களில் நீங்கள் ஒரு மணி நேரம் தாங்க மாட்டீர்கள்.

ஒருமணிநேரம்:

ஏகாதசி விரதக்காரருக்கு ஒரு தகவல். சைபர்பங்க் 2077 வந்தது 2020 டிசம்பரில், அதில் மெட்ரோ ஸ்டேஷன்கள் ஃபாஸ்ட் டிராவல் புள்ளிகளாக மட்டும் இருந்தன. மூன்று வருஷம் கழித்து 2.1 பேட்ச்சில் நிஜமாகவே ரயிலில் ஏறி உட்கார்ந்து போகலாம் என்று செய்தார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதைத் தவிர அதில் வேலை எதுவும் இல்லை, பரிசும் இல்லை, கிளிக் பண்ணிப் போகும் வழியும் பக்கத்திலேயே இருக்கிறது. நான் ஒருநாள் ஏறினேன், ஒரு மணி நேரத்தில் கொஞ்சம் அதில் போய்விட்டது. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

தூங்காநகரத்தான்:

நேரக் கேள்விக்கு வருகிறேன். ஸ்கைரிமில் டைம்ஸ்கேல் 20 என்று வைத்திருக்கிறார்கள், அதாவது நமக்கு ஒரு நிமிஷம் போனால் அங்கே இருபது நிமிஷம். ஒரு முழு நாள் நமக்கு 72 நிமிஷம், பகல் வெளிச்சம் அதில் பாதி சொச்சம். நடந்தால் இருட்டத்தான் செய்யும். கம்ப்யூட்டர் கேமில் கட்டளை அடிக்கும் கன்சோல் பெட்டியைத் திறந்து செட் டைம்ஸ்கேல் டு 10 என்று அடியுங்கள், நாள் 144 நிமிஷமாகும். ரொம்பக் குறைத்து ஒன்று, இரண்டு என்று போட வேண்டாம், ஊர்க்காரர்கள் கடை திறப்பது, வீட்டுக்குப் போவது எல்லாம் அந்தக் கடிகாரத்தை வைத்துத்தான் ஓடுகிறது, அது குழம்புவதாகச் சொல்வார்கள். போடுவதற்கு முன் தனியாக ஒரு சேவ் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துக்கடை மலர்:

10 போட்டால் கடைக்காரர்களிடம் காசு நிரம்பவும் இரண்டு மடங்கு நேரமாகும், என் மாதிரி வியாபாரிகள் யோசித்துப் போடவும்.

நடராஜா சர்வீஸ்:

நான் எதையும் விற்பதில்லை அக்கா, சுங்கம்தான் கட்டுகிறேன். 10 போட்டாயிற்று, காலை எட்டு மணிக்கு வொயிட்ரனிலிருந்து கிளம்புகிறேன்.